ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்

ஊருக்குக் கிளம்பும்போது நம் வீடுகளில் நடக்கும் கூத்து உங்களுக்குத் தெரியும். ஹாலில் நாலு பெட்டி, எடை பார்க்கும் மெஷின், 23 கிலோவைத் தாண்டாமல் இருக்க எடுப்பதும் வைப்பதும். போன ஜூலையில் அந்தப் பெட்டிகளில் ஒன்றில் ஒரு சின்ன ரைஸ் குக்கர் இருந்தது. கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் அத்தைக்கு. மணிக்கட்டு வலியால் பிரஷர் குக்கரைத் தூக்க முடியவில்லை என்று போனில் சொல்லியிருந்தார். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் இருக்கும் அதே மாடலை வாங்கிக்கொண்டு போனோம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் நானே அடாப்டர் போட்டுச் சொருகினேன். முந்தின ராத்திரி லேப்டாப்பும் போனும் அதே அடாப்டரில்தான் சார்ஜ் ஆகியிருந்தன. அதனால் சந்தேகமே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. குக்கர் விளக்கு அணைந்தது. அதோடு சரி, அப்புறம் அது வேலை செய்யவே இல்லை.

"எங்க வீட்டு ஒயரிங் பழசுப்பா, அதான்" என்றார் அத்தை, ஏதோ தான் தப்பு செய்துவிட்ட மாதிரி. நானும், "ஆமா அத்தை, இங்க கரண்ட் ஏறி இறங்கும்ல" என்று சொல்லிவிட்டேன். என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் அவளுக்குப் பள்ளியில் ஓம் விதி வந்தது. ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்டது. முதல் குழப்பமே நம்ம வீட்டுத் தமிழால்தான். "கரண்ட் போச்சுன்னு சொல்றோமே, அது வோல்டேஜா கரண்ட்டாப்பா?" என்றாள். நல்ல கேள்வி. அத்தை வீட்டு மாடித் தொட்டியை நினைச்சுக்கோ என்றேன். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அது வோல்டேஜ், மின்னழுத்தம். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ, அது கரண்ட், மின்னோட்டம். குழாய் எவ்வளவு குறுகலோ, அது ரெசிஸ்டன்ஸ், மின்தடை. ஊரில் கரண்ட் போச்சு என்றால் உண்மையில் போனது வோல்டேஜ். அது இல்லாததால்தான் ஓட்டமும் இல்லை.

புரிந்துவிட்டது. நேரே சமையலறைக்குப் போய் எங்கள் குக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்து லேபிளைப் படித்தாள்: 120 வோல்ட், 4 ஆம்பியர்.

வோல்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. 120 ÷ 4 = 30 ஓம். வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் பவர். 120 × 4 = 480 வாட். ஹோம்வொர்க் அங்கேயே முடிந்திருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. "அத்தைப்பாட்டி வீட்ல எத்தனை வோல்ட்?"

230.

குக்கருக்குள் இருக்கும் ஹீட்டர் கம்பி ஊர் மாறினாலும் கிட்டத்தட்ட அதே 30 ஓம்தான். 230 ÷ 30 = 7.67 ஆம்பியர். 230 × 7.67 = சுமார் 1,760 வாட். 480 வாட்டுக்குச் செய்த பாத்திரத்துக்குள் 1,760 வாட் சூடு! போதாக்குறைக்கு, நான் சொருகிய சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது.

"வோல்டேஜ் ரெண்டு மடங்குகூட இல்ல, பவர் மட்டும் ஏன் மூணரை மடங்குக்கு மேல போகுது?" என்றாள். வோல்டேஜ் ஏறினால் அதே தடை வழியாக ஓடும் கரண்ட்டும் சேர்ந்து ஏறுகிறது. பவர் என்பது இரண்டின் பெருக்கல். அதனால் வோல்டேஜ் சரியாக இரண்டு மடங்கானால் பவர் நாலு மடங்கு.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அப்போ அவங்க வீட்டு கரண்ட்ல தப்பு இல்லப்பா."

அன்று ராத்திரியே அத்தைக்குப் போன் போட்டு, தப்பு என்னுடையது என்றேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. "அப்படியா? நீங்க கிளம்பின மறுவாரமே ஆள் கூப்பிட்டு அடுப்படி ஒயர் முழுக்க மாத்திட்டேனேப்பா" என்றார். பிறகு அவரே, "விடு, பழசுதானே, என்னிக்கோ மாத்த வேண்டியதுதான்" என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அந்தப் போன் எனக்கு லேசாக இல்லை. இப்போது அவர் வீட்டில் கும்பகோணத்திலேயே வாங்கிய 230 வோல்ட் குக்கர் இருக்கிறது.

நீங்கள் இந்த வருடம் கிளம்புவதற்கு முன் சில விஷயங்கள். அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. லேப்டாப், போன் சார்ஜர்களில் பெரும்பாலும் 100–240 என்று போட்டிருக்கும், அவை எங்கும் ஓடும். 120 என்று மட்டும் இருந்தால் ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். திரும்பி வரும்போது கதை தலைகீழ்: அங்கே வாங்கிய 230 வோல்ட் கெட்டிலை இங்கே சொருகினால் கால் பங்குக்குச் சற்று மேல்தான் பவர் கிடைக்கும். கெடாது, காபிக்குத் தண்ணீர் கொதிக்கும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிக்ஸி, கிரைண்டருக்கு இந்த வகுத்தல் கணக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் அது மோட்டார். 750 வாட் மிக்ஸியை ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இங்கே ஓட்டினால், சுவரிலிருந்து குறைந்தது 750 ÷ 120 = 6.25 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் இன்னும் அதிகம். அதனால் டிரான்ஸ்ஃபார்மரைச் சரியாக 750 வாட்டுக்கு வாங்காமல் தாராளமாகப் பெரியதாக வாங்குங்கள்.

பெட்டியைப் பூட்டுவதற்கு முன் அந்த லேபிளைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல்தான். போன ஜூலையில் நான் அதைப் போட்டிருந்தால், அத்தை ஒயர் மாற்றியிருக்க வேண்டாம்.