காவேரி என்று பெயர் வைக்கக் கூடாதாம்!

முக்கொம்பு அணைக்குப் பக்கத்தில் ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் பெண் குழந்தை பிறந்து 32 நாளாகிறது. இன்னும் பெயரில்லை!

தகப்பன் வாழைத்தார் வெட்டி லாரிக்குச் சுமப்பவர். தாய் கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருஷம் பஞ்சாலையில் நூல் முடிந்தவர். செங்கொடிச் சங்கத்துக் குடும்பம். முப்பதாம் நாள் குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பெயர் வைப்பதென்று ஏற்பாடு. நாமும் போயிருந்தோம். பாயசம் குடித்தோம். பெயர் வைக்காமலே திரும்பினோம்.

பெயருக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பஞ்சமில்லை தோழர்களே, வெள்ளம்! அப்பாயி குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். தாய்மாமனுக்கு டவுனில் செல்போன் கடையில் வேலை. அவர் கைப்பேசியைத் தட்டி, வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவது போலப் பத்துப் பெயர் வாசித்தார். பத்திலும் ஒரு ‘ஷ’ இருந்தது. அத்தைக்காரர், “மூணும் பொட்டையாப் போச்சு. போதும்பொண்ணுன்னு வைங்க, அடுத்தது ஆம்பளையாப் பொறக்கும்” என்றார். நமது தோழர் ஒருவர் வாலண்டினா என்றார். இன்னொருவர் ஜோயா என்றார். இருவருக்கும் அங்கேயே விவாதம் முற்றிவிட்டது.

தாய் ஒரே பெயர்தான் சொன்னார்: “காவேரி.” வலி எடுத்த ராத்திரி மதகில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அதற்கு மேல் காரணம் சொல்லவில்லை.

அங்கேதான் வந்தது வினை. பெயர் எழுத்துப் பார்க்க வந்திருந்த ஜோசியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆற்றுப் பெயர் பெண்ணுக்கு ஆகாது. ஓரிடத்தில் நிலைக்க மாட்டாள். வரன் அமையாது. சாஸ்திரமே சொல்கிறது” என்றார். கூடியிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

கேட்டீர்களா கதையை! எந்த ஊரில் உட்கார்ந்து இதைச் சொல்கிறார்? காவிரி இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியுமாக ஓடி, நடுவே ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகிற ஊரில்! ஆடிப் பதினெட்டு அன்று பெண்கள் காதோலை கருகமணி விட்டு, காவேரி அம்மா என்று கையெடுத்துக் கும்பிடுகிற கரையில்! ஆற்றை அம்மா என்று கும்பிடலாமாம். அந்த அம்மாவின் பெயரைக் கூலிக்காரன் மகளுக்கு மட்டும் வைக்கக் கூடாதாம்!

நாம் ஜோசியரோடு சண்டைக்குப் போகவில்லை. அவரும் வயிற்றுப்பாட்டுக்கு அலைகிற மனிதர்தான். அவர் வாய் வழியாகப் பேசுவது யார் என்பதே நமது கேள்வி.

பேசுவது மனு! மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் ஒன்பதாம் சுலோகத்தை எடுத்துப் பாருங்கள். நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு ஆகியவற்றின் பெயர் கொண்ட பெண்ணை மணக்கலாகாது என்கிறது. கீழ்ச்சாதிப் பெயரும் அடிமைப் பெயரும் கொண்டவளும் ஆகாது என்கிறது. ரோகிணி போச்சு. கங்கா, யமுனா போச்சு. குயிலி போச்சு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாடி வீடுகளில் இந்த விதியை யாரும் சீந்துவதில்லை. அங்கே கங்காவும் யமுனாவும் காவேரியும் தாராளமாகப் பிறக்கிறார்கள், படிக்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். விதி வந்து உட்காருவது கூலிக்காரன் வீட்டுத் தொட்டிலில்!

அதே நூலின் இரண்டாம் அத்தியாயம் பெயரிடுகிற முறையைச் சொல்கிறது. பிராமணன் பெயர் மங்களத்தைக் காட்ட வேண்டும், சத்திரியன் பெயர் பலத்தை, வைசியன் பெயர் செல்வத்தை. சூத்திரன் பெயர்? இழிவைக் காட்ட வேண்டும்! பெண்ணின் பெயரோ உச்சரிக்க எளிதாக, கடுமை இல்லாமல், மனதுக்கு இதமாக, நெடிலில் முடிவதாக இருக்க வேண்டும். அதாவது, மேல்சாதி ஆணின் பெயர் அவனுடைய பெருமைக்கு. பெண்ணின் பெயர் அவளைக் கூப்பிடுகிறவன் நாக்குக்கு!

இது ஏட்டில் கிடந்த விதியா? முக்கொம்பில் திருப்பிவிட்ட தண்ணீர் போய்ச் சேர்கிற கீழத்தஞ்சையில் பண்ணையாள் குடும்பத்துக் கிழவர்களைக் கேளுங்கள். அவர்களின் பாட்டன் பாட்டிகளுக்கு என்ன பெயர்? மண்ணாங்கட்டி, குப்பை, அமாவாசை, பிச்சை. நல்ல பெயர் ஒன்று வைத்தாலும் மிராசுதார் வாயில் அது முழுசாக வராது. பாதியை வெட்டி, வாலில் ஒரு ‘டே’யோ ‘டீ’யோ ஒட்டித்தான் வரும். அறுபது வயதுக் கிழவனைப் பத்து வயது மிராசுதார் பிள்ளை பெயர் சொல்லி அதட்டுவான். கிழவன் அந்தப் பிள்ளையின் பெயரை உச்சரிக்க முடியாது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிள்ளை தங்காத வீட்டில், எமன் கண்ணில் இது படக்கூடாது என்று குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பம்மாள் என்று தாய் வைத்த பெயர் உண்டு. அது இழிவல்ல. மருந்தும் மருத்துவரும் இல்லாத காலத்தில் ஒரு தாய் கையில் இருந்த ஒரே ஆயுதம் அது. அந்தப் பெயர் தாங்கிய பாட்டிகளைப் பார்த்துச் சிரிக்கிறவனை நாம் மன்னிக்க மாட்டோம்.

அந்த மண்ணில் 1940-களில் தோழர் பி. சீனிவாசராவ் செங்கொடியோடு நடந்தார். சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்ததைப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். கூடவே ஒழிந்த இன்னொன்று உண்டு. சங்கக் கூட்டத்தில் முதல் தடவையாக ஒரு பண்ணையாள் தன் முழுப் பெயரோடு, முன்னால் ‘தோழர்’ என்ற சொல்லோடு அழைக்கப்பட்டான். அதைப் பொறுக்காத கூட்டம்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்! அவர்கள் பெயர்களை நினைவிடத்தில் கல்லில் பொறித்து வைத்திருக்கிறோம். உயிரோடிருந்தபோது பண்ணையார் முழுசாக உச்சரிக்க மறுத்த பெயர்கள்.

நமது ஊர்ப் பக்கமே வருவோம். 1946 செப்டம்பர் 5 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்களைப் பலி கொடுத்த பொன்மலை இருக்கிறதே, அங்கே ஒரு சிறுமி வளர்ந்தாள். வைத்த பெயர் தனலட்சுமி. ரயில்வே தொழிலாளிகள் பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டார்கள். அதுவே நிலைத்தது. அவர்தான் தோழர் பாப்பா உமாநாத். தாய் அலமேலுவும் சிறை சென்றவர், சிறையிலேயே உயிர் துறந்தவர். 1989-இல் திருவெறும்பூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகக் கோட்டைக்குள் போனபோதும் பாப்பா என்ற அந்தப் பெயரோடுதான் போனார். எந்த நட்சத்திரத்துக்கு எந்த எழுத்து என்று பார்த்தா பொன்மலைத் தொழிலாளி அந்தப் பெயரை வைத்தான்?

எழுத்து என்றதும் நினைவு வருகிறது. குழந்தை அஸ்த நட்சத்திரமாம். பு, ஷ, ந, ட என்ற நாலில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டுமாம். ‘ட’ தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியக் காலத்து இலக்கணம். ‘ஷ’ தமிழ் எழுத்தே அல்ல. தாலாட்டுகிறவள் நாக்கு எந்த மொழியில் புரளும் என்று கூடக் கேட்காத பட்டியல் இது!

அடுத்து, எண் கணிதம். இது இன்னும் பெரிய பித்தலாட்டம். தமிழச்சிக்குத் தமிழில் பெயர் வைத்துவிட்டு, அதை இங்கிலீஷில் எழுதி, எழுத்துக்கு எழுத்து எண் போட்டுக் கூட்டி, அதிர்ஷ்டம் குறைகிறது என்று இன்னொரு ‘ஏ’யைச் செருகுகிறார்கள். அதிர்ஷ்டம் யாருக்கு வருகிறது? நமக்குத் தெரிந்த ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் கதை இது. பள்ளிச் சான்றிதழில் ஒரு ‘ஏ’, ஆதாரில் இரண்டு ‘ஏ’. வேலையை விட்டு வந்தபின் தன் சொந்த பி.எப். பணத்தை எடுக்க ஒரு வருஷம் நடையாய் நடந்தார். நூறு நாள் வேலைக் கூலியை ஆதார் வழியாகத்தான் தருவோம் என்று 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கினார்களே, அப்போது எழுத்துப் பிசகால் கூலி நின்று பரிதவித்தவர்கள் எத்தனை பேர்! (2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு, காந்தியின் பெயர் இல்லாத வேறொரு சட்டம் கொண்டுவந்தார்கள். பெயர் வைப்பதில் அவர்களுக்கும் அக்கறை உண்டு!) உழைப்பாளியின் பெயரில் செருகப்படுகிற ஒவ்வோர் எழுத்தும் அவன் மகள் நாளைக்கு ஆபீஸ் வாசலில் நிற்கப்போகிற ஒரு நாள்.

இனி அத்தைக்காரரின் ‘போதும்பொண்ணு’. திருத்தணி பக்கத்து நாராயணபுரத்தில் பெண்களுக்கு ‘வேண்டாம்’ என்றே பெயர் வைத்தார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்குமாம். மகாராஷ்டிரத்தில் அதே பெயர் ‘நகுசா’. 2011 அக்டோபரில் சதாரா மாவட்டத்தில் 285 பெண்களுக்கு விழா எடுத்து அந்தப் பெயரை மாற்றினார்கள். அந்தப் பெயரோடு பள்ளிக்குப் போகிற பிள்ளை, வாத்தியார் தினமும் வருகைப் பதிவு எடுக்கும்போது, ‘வேண்டாம்’ என்று கூப்பிட, ‘உள்ளேன் ஐயா’ என்று எழுந்து நிற்க வேண்டும்! யோசித்துப் பாருங்கள்.

அத்தைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? 1992-இல் சேலத்தில் அரசாங்கமே தொட்டில் வைத்து, பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்க நேர்ந்த நாடு இது. 2011 ஜனத்தொகைக் கணக்கில், தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகள் 943 தான். கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள அரியலூர் மாவட்டத்தில் 900-க்கும் கீழே. வரதட்சணை என்ற கத்தி தொங்குகிற வரையில், ஒரே வயலில் ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி என்று இருக்கிற வரையில், ‘போதும்’ என்ற சொல் அத்தை வாயில் வரத்தான் செய்யும். அவர் பயப்படுவது பெண்ணுக்கு அல்ல, பெண்ணுக்கு ஆகிற செலவுக்கு.

அந்தப் பயத்தை முதலாளி எப்படிக் காசாக்கினான் தெரியுமா? ‘சுமங்கலித் திட்டம்’! எவ்வளவு மங்களகரமான பெயர்! மூன்று வருஷம் ஆலைக்குள்ளேயே தங்கு, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று கிராமத்துப் பெண்களைப் பஞ்சாலைகள் அள்ளிக்கொண்டு போயின. விடுதிக் கதவுக்குப் பூட்டு. இடையில் நோய் வந்து திரும்பினால் மொத்தப் பணமும் கோவிந்தா. கொத்தடிமைக்குச் சுமங்கலி என்று பெயர் வைத்த மேதாவி எந்த ஜோசியரிடம் நாள் பார்த்தானோ! இந்தக் குழந்தையின் தாய் அப்படிப் போனவர்தான். உள்ளே அவருக்குப் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். மேஸ்திரி மூன்று வருஷமும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டான்.

அந்தத் தாய் இன்று தன் மகளுக்கு ஒரு பெயர் சொல்கிறார். ஊரே கூடி, ‘ஆகாது’ என்கிறது!

நமது யோக்கியதையையும் சொல்லிவிடுகிறோம். வாலண்டினா 1963-இல் விண்வெளிக்குப் போன முதல் பெண். ஜோயா 1941-இல் நாஜிகள் தூக்கிலிட்ட வீராங்கனை. இரண்டும் மகத்தான பெயர்கள்தான். புரட்சிக்குப் பின் ரஷ்யாவில் லெனின் பெயரைத் திருப்பிப் போட்டு ‘நினெல்’ என்று கூடப் பெண்களுக்கு வைத்தார்கள். ஜீவாவே சொரிமுத்து என்ற பெயரை விட்டு ஜீவானந்தம் ஆனவர். தனித்தமிழ் வேகத்தில் கொஞ்ச காலம் உயிரின்பனாகவும் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர். பெயர் மாற்றம் நமக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து வாலண்டினாவா ஜோயாவா என்று நாம் நாலு ஆண்கள் வாதாடினோமே, உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த தாயை நம்மில் எவராவது எட்டிப் பார்த்தோமா? ஜோசியர் கேட்கவில்லை என்று குற்றம் சாட்டுகிற நாமும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. வெட்கமாக இருந்தது.

காரியத்துக்கு வருவோம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டாலும் பதிவு செய்யலாம். பெயரைப் பிறகு சேர்க்கலாம், 12 மாதத்துக்குள் கட்டணமில்லை, அதற்குப் பின் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்கலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த பிள்ளைக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் எல்லாவற்றுக்கும் அந்தப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். எழுதும்போது தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை, படிக்கத் தெரிந்தவரை வைத்து எழுத்து எழுத்தாகச் சரி பாருங்கள்.

இந்தக் குழந்தையின் பிறப்பு ஆஸ்பத்திரியிலேயே பதிவாகிவிட்டது. பெயர்க் கட்டம் மட்டும் காலி. நேற்று தகப்பன் விண்ணப்பத்தாளோடு சங்க அலுவலகத்துக்கு வந்தார். தோளில் வாழைக்கறை. “தோழர், இந்தக் கட்டத்துல என்ன எழுதட்டும்?” என்று நம்மைக் கேட்டார்.

எங்களைக் கேட்காதீர்கள் தோழர், வீட்டில் போய்க் கேளுங்கள் என்றோம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.