இலையில் விழுந்த புள்ளிகள்

கோப்பாயில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் புகையிலைக் கன்று நட்டவர் என் நண்பர். இன்று ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் மகனின் வீட்டில் வாழ்கிறார். மாதம் ஒருமுறையாவது தொலைபேசியில் பேசுவோம். சென்ற மாதம் பேசியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐசே, உவன் நிலக்கீழ் அறையில நாலு செடி வைச்சிருக்கிறான். இலையெல்லாம் புள்ளி விழுந்துபோச்சு. என்ன செடியெண்டு மட்டும் கேக்காதையும்" என்றார்.

கேட்காமலே விளங்கிவிட்டது. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோ மாகாணத்தில் வயது வந்தோர் உள்ள ஒரு வீட்டில் நான்கு செடிகள்வரை வளர்க்கலாம். ஆகவே மகன் குற்றம் எதுவும் செய்யவில்லை. இலங்கையில் நிலைமை வேறு. இங்கே வீட்டில் ஒரு செடி வளர்ப்பதும் குற்றம். பத்திரிகையில் நான் பணியாற்றிய காலம் முழுவதிலும் கஞ்சா என்ற சொல் பொலிஸ் செய்தியில் மட்டுமே இடம்பெற்றது: வடகடலில் படகு மடக்கப்பட்டது, இத்தனை கிலோ கைப்பற்றப்பட்டது என்று. அதன் இலையில் விழும் புள்ளியைப் பற்றி எழுதுவேன் என்று நான் எண்ணியதில்லை. அதை வளர்க்கவேண்டும் என்றோ புகைக்கவேண்டும் என்றோ நான் சொல்ல வரவில்லை. சொல்ல வந்தது இலையைப் பற்றி.

நண்பர் படங்கள் அனுப்பினார். செடிக்கு மேலே எரியும் விளக்கின் கீழ் எடுத்தவை. எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரிந்தன. ஓர் இலையைக் கிள்ளி, யன்னலருகே பகல் வெளிச்சத்தில் வைத்து எடுக்கச் சொன்னேன். இரண்டாவது படம் தெளிவாக இருந்தது. நரம்புகள் பச்சை, இடைவெளிகள் மஞ்சள், மஞ்சளின் மேல் துரு நிறத்தில் சிறு புள்ளிகள்.

மகன் அதற்குள் மூன்று போத்தல்கள் வாங்கிவிட்டான். முதலாவது, கல்சியமும் மகனீசியமும் கலந்தது. அதை ஊற்றியும் புள்ளி நிற்காதபடியால் பூக்கும் பருவத்துக்கான பசளை ஒன்று. அதற்கும் அடங்காதபோது, இது நோய்தான் என்று முடிவுகட்டிப் பங்கசுகொல்லி ஒன்று. மூன்றாவது போத்தலைத் திறக்கும் தறுவாயிலேயே தகப்பன் தலையிட்டிருக்கிறார்.

புகையிலைக்காரருக்கு இலைதான் வருமானம். யாழ்ப்பாணப் புகையிலை திருவாங்கூர்வரை போய் விலைபோன காலத்தில், இலையில் விழுந்த ஒரு புள்ளி பணத்தில் விழுந்த புள்ளி. ஆகவே அந்தத் தலைமுறை இலையை வாசிக்கக் கற்றிருந்தது. நண்பர் மகனிடம் முதலில் கேட்டது மருந்தின் பெயரை அல்ல. "அடி இலையிலே தொடங்கினதோ, குருத்திலே தொடங்கினதோ?" என்றுதான் கேட்டாராம்.

இந்தக் கேள்விக்குள் ஒரு விஞ்ஞானம் அடங்கியிருக்கிறது. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. தட்டுப்பாடு வந்தால் செடி அவற்றைக் கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு ஊட்டும். எனவே குறை அடியிலையில் தெரியும். இலை முழுவதும் சீராக வெளுத்தால் நைதரசன்; நரம்பு பச்சையாயிருக்க இடைவெளி மஞ்சளித்தால் மகனீசியம்; விளிம்பு கருகினால் பொற்றாசியம். இரும்பும் கல்சியமும் அப்படி இடம்பெயரா. அவற்றின் குறை குருத்திலேயே தெரியும். வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் கஞ்சாச் செடிகளுக்கு ஒவ்வொரு சத்தாக நிறுத்திப் பார்த்து, எந்தக் குறை எந்த இலையில் எப்படித் தோன்றுகிறது என்பதை 2019இல் வெளியிட்டார்கள். நண்பர் அந்த ஆய்வை வாசித்தவரல்லர். ஆனால் கேள்வி ஒன்றுதான்.

நோயின் புள்ளி வேறு விதமானது. செப்டோரியா என்னும் பங்கசு கஞ்சாவின் அடியிலைகளையே முதலில் பிடிக்கும், அதனால்தான் குழப்பம். ஆனால் பசியின் மஞ்சள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. இலையின் இடப்பாதியில் உள்ளது வலப்பாதியிலும் இருக்கும். பங்கசின் புள்ளி விழுந்த இடத்தில் விழும். வட்டமாகவோ கோணலாகவோ எல்லையிட்டு நிற்கும். பூதக்கண்ணாடியால் பார்த்தால் நடுவில் ஊசிமுனை அளவான கருமணிகள் தெரியக்கூடும். விரலால் தேய்க்கும்போது வெள்ளை மா ஒட்டினால் அது சாம்பல் நோய். இலையின் மேற்பரப்பில் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய பொட்டுகள் நிறைந்து, கீழ்ப்பரப்பில் மெல்லிய வலை இருந்தால் சிற்றுண்ணி. அதற்குப் பசளையும் உதவாது, பங்கசுகொல்லியும் உதவாது.

ஸ்காபரோச் செடிகளில் மாவுமில்லை, வலையுமில்லை, கருமணியுமில்லை. இரு பாதியும் ஒத்த மஞ்சள், அடியிலையில் தொடங்கி மேலேறியது. மகனீசியப் பசி என்பதில் ஐயமில்லை. அப்படியானால் மகனீசியப் போத்தலை ஊற்றியும் ஏன் தீரவில்லை?

சாடியில் தண்ணீரை நிறைய ஊற்றி, அடியால் வடியும் நீரைச் சோதிக்கும்படி சொன்னேன். அதன் பி.எச். பெறுமானம் ஐந்தையொட்டி இருந்தது. மண்ணில் வளரும் கஞ்சாவுக்கு ஆறுக்கும் ஏழுக்கும் இடைப்பட்டது உகந்தது. சாடியில் இருந்தது முற்றா நிலக்கரி எனப்படும் பீற் கலவை. இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது. அதன்மேல் போத்தல் போத்தலாக ஊற்றிய பசளையின் உப்பு தேங்கி, அமிலம் மேலும் ஏறிவிட்டது. அந்த அமிலத்தில் மகனீசியம் கண்முன் இருந்தும் வேரால் எடுக்கமுடியாது. மகன் ஊட்ட ஊட்டச் செடி பட்டினி கிடந்தது.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர் செம்மண்தான் நினைவுக்கு வந்தது. அந்த மண்ணைச் சிவப்பாக்குவதே இரும்பு. ஆனாலும் கீழே சுண்ணாம்புக்கல்லும் கிணற்றில் கடின நீரும் உள்ள வளவுகளில், குருத்திலை வெளுத்து இரும்புப் பசியில் நிற்கும் தேசிக் கன்றுகளைப் பார்த்திருக்கிறேன். ஸ்காபரோவில் அமிலம் மிகுந்து பூட்டியது. யாழ்ப்பாணத்தில் காரம் மிகுந்து பூட்டுகிறது. அரிசி மூட்டை அறைக்குள் இருக்க, அறைச் சாவி தொலைந்த வீடுகள் இரண்டும். அங்கே இன்னொரு மூட்டை வாங்கி அடுக்குவது வைத்தியமாகாது.

ஆனால் மூட்டை விற்பவர் அதைச் சொல்லமாட்டார். இதுவே என் முறைப்பாடு. ஊரில் கமக்காரர் வாடிய இலையோடு போய் நிற்பது பெரும்பாலும் பூச்சிநாசினிக் கடையில்தான். கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே கை தட்டிலுள்ள போத்தலை எட்டிவிடும். ரொறன்ரோ இளைஞன் போய் நிற்பது காணொளிகளுக்கு முன்னால். அங்கும் காணொளி முடிவதற்குள் ஒரு போத்தல் வந்துவிடுகிறது. நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவராயிருக்கும்வரை "ஒன்றும் ஊற்றவேண்டாம்" என்ற விடை எவருக்கும் கிடைக்கப்போவதில்லை. யாழ்ப்பாணக் கிணறுகளில் பல உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று எல்லையைத் தாண்டி நிற்பதற்கு, மலகூடக் குழிகளோடு இந்த ஊற்றலும் ஒரு காரணம்.

இப்படி எழுதுவதால் பசளைக்கு நான் எதிரி என்று எண்ணவேண்டாம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை இரவோடிரவாக நிறுத்தி, நவம்பருக்குள் அதே முடிவை விழுங்கிய ஓர் அரசாங்கத்தை நாங்கள் பார்த்தோம். வெளுத்த வயல்களையும் பார்த்தோம். பசித்த பயிருக்குக் கொடுக்காமல் விடுவதும், பசிக்காத பயிருக்கு ஊற்றுவதும் ஒரே குருட்டுத்தனத்தின் இரு பக்கங்கள். அதிகாரத்திலிருந்தவர்கள் இலையைப் பார்க்கவில்லை.

மறுபுறம், புள்ளியை அலட்சியம் செய்ததன் விலையையும் இந்த நாடு அறியும். கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாகத் தோன்றிய துருநோய்க்கு 1869இல் பெயர் சூட்டப்பட்டது. அதை முறையாக ஆராய மார்ஷல் வார்ட் இலங்கைக்கு வந்து சேர்ந்தது 1880இல். அதற்குள் மலையகத்தின் கோப்பி கைநழுவிக்கொண்டிருந்தது. புள்ளி சில வேளைகளில் உண்மையான எமன்தான். எந்தப் புள்ளி என்று தெரியவேண்டும், அவ்வளவே.

மூன்றாவது போத்தலுக்கு வருகிறேன். இந்த விடயத்தில் தவறு இழைத்தால் சேதம் செடியோடு நிற்காது. கத்தரிக்காயைக் கழுவலாம், அவிக்கலாம். கஞ்சாப் பூவைக் கழுவுவாரில்லை. எரித்து நெஞ்சுக்குள் இழுப்பார்கள். மைக்ளோபியூட்டனில் என்ற பங்கசுகொல்லி சில உணவுப் பயிர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. ஆனால் நன்கு சூடாக்கினால் அது சிதைந்து ஐதரசன் சயனைட்டை வெளியிடும். கனடாவில் 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும், உரிமம் பெற்ற நிறுவனங்கள் விற்ற மருத்துவக் கஞ்சாவிலேயே இந்த இரசாயனம் காணப்பட்டுப் பொருட்கள் திரும்பப் பெறப்பட்டன. அதன் பின்னர் சுகாதாரத் திணைக்களத்தின் பரிசோதனைகள் இறுகின. நிலக்கீழ் அறையில் வளரும் நான்கு செடிகளை எவரும் பரிசோதிப்பதில்லை. அங்கே பரிசோதகராக இருந்தவர் ஒரு பழைய புகையிலைத் தோட்டக்காரர் மட்டுமே.

அவர் சொன்னபடி மகன் போத்தல்களை ஓரம் வைத்து, வெறும் தண்ணீரால் சாடிகளை நன்றாகக் கழுவி வடியவிட்டான். பின்னர் பி.எச். பெறுமானம் திருத்திய தண்ணீரில் பாதியளவு பசளை. பழுத்த இலைகள் மீண்டும் பச்சையாகவில்லை என்று இடையில் ஒருநாள் பதறியிருக்கிறான். அவை ஆகமாட்டா, புதிதாக வரும் இலையைப் பார் என்றாராம் தகப்பன்.

நேற்றிரவு மீண்டும் பேசினார். புது இலைகள் பழுதில்லாமல் வந்திருக்கின்றன. ஒரு செடியின் அடியிலைகள் மட்டும் உதிர்ந்துவிட்டனவாம். மகன் இப்போது காலையில் வேலைக்குப் போகுமுன் கீழே இறங்கி, தகப்பனோடு நின்று இலைகளைத் திருப்பிப் பார்க்கிறான். இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து பார்த்த முதல் பயிர் அது என்றார் நண்பர்.

கோப்பாயிலுள்ள தமக்கையார், கனடாவில் என்ன பயிர் செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார். தக்காளி என்று சொல்லிவைத்திருக்கிறாராம்.