மதுரையில் இரண்டு நாள்: பட்டியலில் ஏறாத பேருந்து

"ரெண்டு நாள் லீவு. மதுரை வர்றோம். எதெல்லாம் பார்க்கலாம்னு ஒரு லிஸ்ட் அனுப்பு."

ஆராய்ச்சி மாணவியாக இருப்பதில் ஒரு சிக்கல், இந்தியா முழுக்க நண்பர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு நாலைந்து முறையாவது இந்தச் செய்தி எனக்கு வரும். நானும் ஒரே பட்டியலைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். முதல் நாள் காலை மீனாட்சியம்மன் கோயில், மாலை நாயக்கர் மகால். இரவு கறி தோசையும் ஜிகர்தண்டாவும். மறுநாள் காந்தி அருங்காட்சியகம், கீழடி, நேரமிருந்தால் கலைஞர் நூலகம். தோழர்கள் என்றால் கீழடியை முதலில் போட்டுவிடுவேன்.

நான் மேலூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். என் பட்டியலில் மேலூர் ஒருமுறைகூட இருந்ததில்லை.

இது எனக்கு உறைத்தது நாக்பூரிலிருந்து வந்த ஒரு தோழியால். பட்டியலைப் படித்துவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்: "இதில் நம்ம இடம் எது?" அவள் வளர்ந்தது தீட்சா பூமி இருக்கிற ஊரில். டிசம்பர் 6 என்றால் பம்பாய் சைத்ய பூமி, ஜனவரி 1 என்றால் பீமா கோரேகான். அவள் வீட்டில் "ஊர் சுற்றுவது" என்றால் கட்டுச்சோற்றோடு, குழந்தைகளோடு, அம்பேத்கர் புத்தகம் விற்கிற கடைகளுக்கு நடுவே நடப்பது. நமக்கு?

நமக்கும் உண்டு. செப்டம்பர் 11 பரமக்குடி, டிசம்பர் 25 கீழ்வெண்மணி, ஜூலை 23 தாமிரபரணிக் கரை, ஜூன் 30 மேலவளவு. அதெல்லாம் கட்சிக்காரர்கள் வண்டி கட்டிப் போகிற நாட்கள். ஆண்டின் மற்ற நாட்களில் அந்த ஊர்களை நாம் யாரும் ஊராகவே நினைப்பதில்லை. விடுமுறை என்றால் அரண்மனை, அரசியல் என்றால் நினைவுநாள் என்று பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினையைப் பற்றித்தான் என் சண்டை.

கோயிலிலிருந்தே தொடங்குவோம். 1939 ஜூலை 8 அன்று மதுரைக் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் ஒரு நாடாரும் நுழைந்தார்கள். "வைத்தியநாத ஐயர் அரிசனங்களை அழைத்துச் சென்றார்" என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வாக்கியத்தைக் கவனியுங்கள். எழுவாய் ஒருவர், மற்றவர்களெல்லாம் அவர் கையில் பிடித்துப்போன பிள்ளைகள். ஐயரின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உதை விழுந்தால் முதலில் யார் முதுகில் விழுந்திருக்கும்? நுழைவை அர்ச்சகர்கள் எதிர்த்தார்கள். அனுமதித்த அதிகாரிகள்மீது வழக்கு வராமல் காக்க அவசர அவசரமாகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்களை எண்ணுகிற நாம், அன்று உள்ளே போனவர்களில் எத்தனை பேர் பெயரைச் சொல்வோம்?

ஒரு பெயர் தெரியும். கக்கன். பின்னால் அமைச்சரான அதே கக்கன். மேலூர் தாலுகா தும்பைப்பட்டிக்காரர்.

அதே மேலூர் தாலுகாவில்தான் மேலவளவு. 1996இல் அதன் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன, வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. இத்தனைக்கும் பிறகு முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரைக்குப் போய் ஆட்சியர் அலுவலகத்தில் முறையிட்டுவிட்டு, பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் அந்தப் பேருந்தை மறித்து அவரையும் துணைத்தலைவர் மூக்கனையும் உடன் வந்தவர்களையும் வெட்டினார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையாகி வீடு வந்து சேர்ந்தார்கள்.

கக்கன் கோயிலுக்குள் போய் 58 ஆண்டுகள் கழித்து, அவர் தாலுகாக்காரர் ஒருவர் ஊராட்சி அலுவலக நாற்காலியில் உட்கார முடியவில்லை. சாமி முன்னால் நிற்கலாம், ஊர் முன்னால் உட்காரக் கூடாது. மதுரையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டாமா?

முற்போக்குத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. கீழடிக்குப் போய்ச் செல்ஃபி எடுத்து, "2600 ஆண்டுகளுக்கு முன்பே சாதியற்ற தமிழ்ச் சமூகம்" என்று எழுதுகிறீர்கள். எனக்கும் கீழடி பிடிக்கும். அந்தப் பானை ஓடுகளில் கீறியிருக்கும் பெயர்களின் முன் நானும் நெடுநேரம் நின்றிருக்கிறேன். ஆனால் மண்ணுக்கு அடியில் சாதிக்குச் சான்று கிடைக்கவில்லை என்பதில் வருகிற ஆனந்தம், மண்ணுக்கு மேலே அது வெட்டவெளியில் நிற்கும்போது எங்கே போகிறது? டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து அரிட்டாபட்டிக்கு வந்தீர்கள், சரி, வென்றோம். அங்கிருந்து மேலவளவு எவ்வளவு தூரம் என்று ஒருவராவது கேட்டீர்களா? மலையைக் காப்பாற்ற வந்தபோது ஊரும் சேரியும் ஒன்றாகத் தெரிந்திருக்கும். வீடு திரும்பும்போது அவரவர் தெருவுக்குத்தான் போனோம்.

தங்குமிடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த நாக்பூர்த் தோழிக்காக ஒரு வீட்டு விடுதியைப் பார்க்கப் போனேன். சுத்தமான அறை, மாடியில் கோபுர தரிசனம். வீட்டம்மா காபி கொடுத்தார். "எந்த ஊரும்மா?" மேலூர்ப் பக்கம் என்றேன். "மேலூர்ல எங்க?" சொன்னேன். "அங்க யாரு வீட்டு ஆளுக?" அதையும் சொன்னேன். காபி தம்ளரை நானே கழுவி வைக்கட்டுமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. சாயங்காலம் போன் வந்தது: அந்தத் தேதியில் வீட்டு விசேஷமாம், அறை கிடையாதாம். செயலியில் அதே தேதிக்கு அறை மறுநாளும் காலியாகத்தான் இருந்தது. அன்பும் விருந்தோம்பலும் என்று மதுரையைப் பற்றி எழுதுகிற பயண எழுத்தாளர்கள் யாரும் இந்த மூன்றாவது கேள்வியைப் பற்றி எழுதியதில்லை. அவர்களிடம் அது கேட்கப்படுவதில்லை, அல்லது அவர்கள் சொல்லும் பதில் போதுமானதாக இருந்துவிடுகிறது.

"துயரத்தைச் சுற்றுலா ஆக்குகிறாயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேலவளவுச் சேரி மக்கள் காட்சிப் பொருள் அல்லர். கேமராவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நுழைந்து "எப்படி உணர்ந்தீர்கள்" என்று கேட்பதாக இருந்தால் வராமலே இருங்கள். ஆனால் "துயரம்" என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. முருகேசன் விபத்தில் சாகவில்லை. பதவி விலகு என்றார்கள், மாட்டேன் என்றார். அவர்கள் புதைக்கப்பட்ட இடத்துக்கு அந்த மக்கள் வைத்திருக்கும் பெயர் விடுதலைக் களம். நாயக்கர் மகாலின் தூண்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பது சுற்றுலா, ஓட்டுப் போட்டு வென்று அந்த வெற்றிக்காக உயிர்விட்டவர்களின் கல்லறை முன் நிற்பது மட்டும் துயரமா?

தோழியோடு போனபோது அதிகம் பேசவில்லை. மதுரையிலிருந்து மேலூர் வழியாக மேலவளவுக்கு என்று முருகேசன் கடைசியாக வந்த அதே திசையில்தான் பயணம். ஜன்னலோர இருக்கையில் இருந்த அவள் வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தாள். களத்தில் அரை மணி நேரம். பக்கத்துக் கடையில் டீ குடித்தோம். கடைக்கார அக்கா "எங்கிருந்து வர்றீக?" என்று கேட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் டெல்லியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். பட்டியலைத் திருத்திவிட்டேன். கோயில் இருக்கிறது, கீழடி இருக்கிறது, கறி தோசை நிச்சயம் இருக்கிறது. நாயக்கர் மகாலை எடுத்துவிட்டேன். இரண்டாம் நாள் காலை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ்; தும்பைப்பட்டியில் கக்கன் மணிமண்டபம், பிறகு மேலூர் திரும்பி மேலவளவு. மதியத்துக்குள் மதுரை வந்துவிடலாம். வெயிலுக்குத் துண்டு எடுத்து வாருங்கள்.