ரசீது போதும், அனுமதி எதற்கு?

திருமுல்லைவாயிலில் நான் குடியிருக்கும் தெருவில் யாருக்குப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் லைஃப் சர்ட்டிபிகேட், பட்டா மாறுதல் எல்லாம் என் திண்ணையில்தான். முப்பத்தைந்து வருடம் மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகு மிஞ்சுகிற மரியாதை இவ்வளவுதான். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

போன ஜூலையில் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். கெட்டிக்காரப் பெண். பொதுக்கொள்கை, அதாவது பப்ளிக் பாலிசி முதுகலைப் படிப்பில் வெளியூர் நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. கையில் ஒரு கத்தை காகிதம். கடைசித் தாள் ஓர் உறுதிமொழிப் படிவம். நிர்வாகம் அங்கீகரிக்காத எந்த மாணவர் அமைப்பையும் தொடங்க மாட்டேன், சேர மாட்டேன், கூட்டாக மனு கொடுக்க மாட்டேன், வளாகத்தில் கூட்டம் நடத்த மாட்டேன் என்று வரிசையாக இருந்தது. அதற்கு முந்தைய தாளில் வழவழப்பான வண்ணத்தில் மாணவர் மன்றங்களின் பட்டியல்: புகைப்பட மன்றம், மலையேற்ற மன்றம், திரைப்பட மன்றம், விவாத மன்றம்.

"தாத்தா, சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணுமாம். நீங்க போடறீங்களா?"

போட்டேன். தேதியும் போட்டு, கீழே பெயரைத் தெளிவாகவும் எழுதினேன். பழக்கதோஷம். அன்றிலிருந்து அந்தக் கையெழுத்து என்னை உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். "ஆரம்பித்துவிட்டார் பழைய புராணத்தை" என்று சிலர் முனகுவதும் காதில் விழுகிறது. ஆனால் இந்த விஷயத்தில் புராணம் தேவைப்படுகிறது. குடிமையியல் வகுப்பில் எங்களுக்கு நெட்டுரு போடவைத்த சட்டங்களில் ஒன்று 1901 ஜூலை 1-ஆம் தேதியின் சங்கச் சட்டம். அதன் சாரம் எளிமையானது. மக்கள் யாருடைய முன் அனுமதியும் இல்லாமல் சங்கம் அமைக்கலாம். சங்கத்தின் பெயரில் கணக்கு வழக்கு, சொத்து வேண்டுமென்றால் அரசு அலுவலகத்தில் அறிவித்தால் போதும். அறிவிப்பைப் பெற்றுக்கொண்ட அதிகாரி ஐந்து நாளைக்குள் 'ரெசெப்பிஸே' கொடுக்க வேண்டும். ரெசெப்பிஸே என்றால் ரசீது. அனுமதி அல்ல, வெறும் ரசீது.

இந்த வித்தியாசத்தை ஒரு கிளார்க்கைவிட நன்றாக யாரும் புரிந்துகொள்ள முடியாது. தபாலை வாங்கி, எண் போட்டு, முத்திரை குத்துகிறவனுக்கு உள்ளே இருக்கும் சங்கதி பிடிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பிடிக்கவில்லை என்பதற்காக அவன் எண் போட மறுக்கவும் முடியாது.

பிரான்சிலேயே ஒரு முறை மறுத்தார்கள். சிமோன் தெ பொவ்வார் முதலானோர் 1970-ல் ஒரு சங்கத்தை அறிவித்தபோது பாரிஸ் போலீஸ் அதிகாரி ரசீது தரவில்லை. வழக்கு நடந்தது, அரசு தோற்றது. தோற்ற அரசு சட்டத்தையே திருத்தப் பார்த்தது. சங்கத்தைப் பதிவதற்கு முன்பே நீதிமன்றம் சோதிக்கலாம் என்று மசோதா கொண்டுவந்தார்கள். 1971 ஜூலை 16-ல் அரசியலமைப்பு மன்றம் அந்தப் பகுதியைச் செல்லாதாக்கியது. பிரான்ஸ் ஏதோ சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 1968 மே கலவரத்துக்குப் பிறகு, ஜூன் மாதம், ஒரே ஆணையில் பதினோரு தீவிர இடதுசாரி அமைப்புகளைக் கலைத்ததும் அதே அரசுதான். ஆனால் அந்தச் சமயத்தில் அவர்களுடைய உயர் அதிகாரிகளைத் தயாரிக்கும் பள்ளியில் என்ன நடந்தது தெரியுமா? எனா என்ற அந்தப் பள்ளியில் ஒவ்வொரு அணியும் தனக்கு ஒரு பெயரை விவாதித்து ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது வழக்கமாக இருந்தது. 1970-ல் வெளியேறிய அணி வைத்துக்கொண்ட பெயர் ரொபெஸ்பியேர்! மன்னன் தலையைச் சீவ வாதாடியவர் பெயர். யாரும் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த அணியும் அரசு நாற்காலிகளில்தான் போய் உட்கார்ந்தது.

நம் ஊருக்கு வருவோம். நமது அரசியல் சட்டத்தின் 19-ஆவது ஷரத்து சங்கம் அமைக்கும் உரிமையைத் தருகிறது. என்னைப் போன்ற அரசு ஊழியனுக்கு நடத்தை விதிகள் 1964 என்று ஒன்று உண்டு. அரசியல் கட்சியில் சேரக் கூடாது, தேர்தலில் வேலை செய்யக் கூடாது என்று கை கால்களைக் கட்டும் விதிகள். அவற்றில்கூட, நாட்டின் இறையாண்மைக்கும் பொது ஒழுங்குக்கும் கேடான சங்கத்தில் சேராதே என்றுதான் இருக்கிறது. சங்கமே கூடாது என்று இல்லை. எங்கள் ஊழியர் சங்கத்துக்கு நான் சந்தா கட்டினேன், போஸ்டர் ஒட்டினேன், இரண்டு வருடம் பொருளாளராகவும் இருந்தேன். நாளைக்கு அரசாங்கத்துக்கே யோசனை சொல்லப் போகிற மாணவிக்கு, ஃபைல் தூக்கிய கிளார்க்குக்கு இருந்த உரிமைகூட இல்லை.

அங்கீகாரம் என்ற சொல்லில்தான் சூது இருக்கிறது. 2015-ல் சென்னை ஐஐடியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்று மாணவர்கள் 2014-ல் தொடங்கிய அமைப்பு. அதைப் பற்றி யாரோ பெயர் போடாமல் டில்லிக்கு எழுதினார்கள். எங்கள் அலுவலக பாஷையில் மொட்டை பெட்டிஷன். அமைச்சகம் அதை ஐஐடிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. மே 22-ல் வட்டத்தின் அங்கீகாரம் பறிபோனது. மாணவர்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்காமலே பறித்துவிட்டார்கள் என்பதுதான் அவர்கள் புகார். அமைச்சகம் சொல்லி அல்ல, விதிகளை மீறியதால்தான் என்று நிர்வாகம் சொன்னது. நாடு முழுக்கச் சத்தம் கிளம்பவே, ஜூன் 7-ல் அங்கீகாரம் திரும்பி வந்தது.

நான் பெரியார்வாதி அல்ல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கொடியிடை அம்மனைப் பார்க்கப் போகிறவன். அந்த வட்டத்தின் துண்டறிக்கையை வாசித்திருந்தால் பாதி வரிகளோடு சண்டை போட்டிருப்பேன். என் கேள்வி அதுவல்ல. அரசு ஊழியர் மீது வரும் மொட்டை பெட்டிஷனில் நடவடிக்கை எடுக்காதே என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999 ஜூனிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. லஞ்சப் புகாருக்கு ஆளான அதிகாரிக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, புத்தகம் வாசிக்கக் கூடிய மாணவனுக்குக் கிடைக்கவில்லையே, ஏன்?

மும்பையிலும் கதை அதுதான். 1936-ல் சமூகப் பணிக்கான பட்டமேற்படிப்புப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம், இன்றைய டாட்டா சமூக அறிவியல் கழகம். ஏழை, பட்டியல் சாதி, பழங்குடி என்று பாடம் நடத்தும் இடம். அங்கே 2024 ஏப்ரலில் ஓர் ஆய்வு மாணவரை இரண்டு வருடம் இடைநீக்கம் செய்தார்கள். டில்லியில் மாணவர் ஊர்வலத்துக்குப் போனது அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவர் சார்ந்திருந்த மாணவர் அமைப்புக்கு அதே ஆகஸ்டில் தடை. இடைநீக்கத்தைக் குறைத்துப் படிப்பை முடிக்க விடச் சொல்வதற்கு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான் வரவேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போக எத்தனை மாணவனால் முடியும்?

"படிக்கப் போனாயா, கொடி பிடிக்கப் போனாயா?" என்று கேட்பார்கள். என் மருமகனும் இதைத்தான் கேட்டார், சாப்பாட்டு நடுவில். வேதியியல் படிக்கிறவனிடம் இதைக் கேட்டாலாவது ஓரளவு அர்த்தம் இருக்கும். பொதுக்கொள்கை என்ற பாடமே நாலு பேர் கூடி, ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட்டு, கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வருவதைப் பற்றியதுதானே? எங்கள் பக்கத்து ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. பல வருடம் நாட்டின் கொள்கையை நடத்திய தீர்மானம் அது. போட்டது ஒரு சங்கம். இந்தப் பெண் அதை வகுப்பில் மனப்பாடம் செய்யலாம், ஆனால் விடுதித் தண்ணீர்ப் பிரச்சினைக்கு ஒரு தீர்மானம் போடக் கூடாது. நீச்சலைப் பலகையில் எழுதிப் போட்டுக் கற்றுக்கொடுப்பார்கள், குளத்துக்குச் சுற்றிலும் வேலி.

மாணவர் சங்கம் வந்தால் ரௌடித்தனம் வரும் என்பது அடுத்த வாதம். ஐயா, எங்கள் பக்கம் வந்து பாருங்கள். பூந்தமல்லி பஸ்ஸிலும் அரக்கோணம் ரயிலிலும் 'ரூட்டு தல' என்று ஒரு பதவி இருக்கிறதே, அது எந்தச் சங்கத்தின் தேர்தலில் வந்தது? 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் மாநகரப் பஸ்ஸுக்குள் பட்டாக்கத்தியோடு மாணவர்கள் மாணவர்களையே வெட்டினார்களே, அதற்கு எந்தத் தீர்மானப் புத்தகம் இருந்தது? ஓட்டுப் பெட்டி இல்லாத இடத்தில் பஸ் ரூட்டுக்குத் தலைவன் முளைக்கிறான் என்பது என் கணிப்பு. தப்பென்றால் திருத்துங்கள்.

கட்சிகள் நுழையும் என்ற பயம் மட்டும் நியாயமானது. அதற்குத்தான் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் குழு போட்டு, 2006-ல் உச்ச நீதிமன்றமே விதிகளை அமல்படுத்தச் சொன்னது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது, வயது வரம்பு, கட்சிப் பணம் கூடாது, எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் குழு தேர்தல் நடத்துங்கள் என்றும் சொன்னது. கட்டுப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தேர்தலை விட்டுவிடுகிறவர்களை என்ன சொல்வது? சர்க்குலரின் முதல் பாராவைக் கிழித்துவிட்டு இரண்டாவதை நோட்டீஸ் போர்டில் ஒட்டும் செக்ஷன் ஆபீசரை நானும் பார்த்திருக்கிறேன்.

உண்மையான பயம் வேறு என்று நினைக்கிறேன். 1965-ல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1967-ல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். காமராஜரிடம் எனக்கு உள்ள பக்தி குறைந்ததல்ல, அன்று வருத்தப்பட்டவர்களில் நானும் உண்டு. அந்தத் தேர்தலால் பதவிக்கு வந்தவர்களும் சரி, இழந்தவர்களும் சரி, மாணவனைப் பார்த்துப் பயப்பட மட்டும் அன்றைக்கே ஒற்றுமையாகக் கற்றுக்கொண்டார்கள்.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். விடுதியில் பத்து நாளாகத் தண்ணீர் ஒருவேளைதான் வருகிறதாம். கூட்டு மனு கொடுத்தால் உறுதிமொழியை மீறியதாகும் என்று வார்டன் சொல்லிவிட்டாராம்.

"எத்தனை பேரும்மா இருக்கீங்க?"

"முப்பத்தெட்டு பேர், தாத்தா."

"ஒவ்வொருத்தரும் தனித்தனியா எழுதுங்க. ஒரே மாதிரி எழுதாதீங்க, அவங்கவங்க கஷ்டத்தை எழுதுங்க. முப்பத்தெட்டையும் ஒரே நாள்ல ஆபீஸ்ல கொடுத்து, ஒவ்வொண்ணுக்கும் இன்வார்டு நம்பர் கேளுங்க."

"நம்பர் போட மாட்டேன்னு சொன்னா?"

பதிவுத் தபாலில் அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு வைத்து அனுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். பதிவுத் தபாலைத்தான் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்களே. ஸ்பீடு போஸ்டில் போடு, டெலிவரி ஆனதற்கான ஆதாரத்தை வாங்கி வை என்றேன். முப்பத்தெட்டு பேருக்கும் ஆகிற தபால் செலவை நான் ஜிபேயில் அனுப்புவதாகவும் சொன்னேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்தானே.