ராமசாமியின் மிளகுத் தண்ணீர்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்துக்காக ஆங்கிலச் சமையல் புத்தகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தேன். ஆப்பிள் கேக் செய்முறையில் ‘ஆல்ஸ்பைஸ், அரைத் தேக்கரண்டி’ என்றிருந்தது. ஆல் என்றால் எல்லாம். ஸ்பைஸ் என்றால் மசாலா. ‘எல்லா மசாலாவும் கலந்த பொடி’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். முதுகலைத் தமிழ் படித்தவனுக்கு இதற்கெல்லாம் அகராதி எதற்கு என்ற நினைப்பு.

புத்தகம் வெளிவந்து சில மாதங்களில் ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு கடிதம். ‘மொழிபெயர்த்தவர் அவர்களுக்கு’ என்று விலாசமிட்டு, பதிப்பகம் வழியாக வந்திருந்தது. எழுதியவர் ஓர் அம்மாள். “ஐயா, பேரனின் பிறந்த நாளுக்கு உங்கள் புத்தகத்தைப் பார்த்துக் கேக் செய்தேன். வீடு முழுக்கப் பிரியாணி வாசனை. குழந்தைகள் தொடவில்லை. நீங்கள் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா?”

ஆல்ஸ்பைஸ் என்பது கலவையே அல்ல. ஜமைக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் விளையும் ஒரே மரத்தின் காய். உலர்த்தினால் கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்தாற்போல மணக்கும். அதனால் ஆங்கிலேயர் அப்படிப் பெயர் வைத்தார்கள். அவர்களுக்கு முன்பே அதைப் பார்த்த ஸ்பானியர்கள், தேடிப் போனது மிளகு என்பதால், இதையும் மிளகு என்றே அழைத்தார்கள். மிளகாயையும் அப்படித்தான் அழைத்தார்கள். நாமும் சும்மா இருக்கவில்லை. போர்த்துகீசியர் மூலம் வந்த அந்தக் காய்க்கு, தெரிந்த உறைப்பின் பெயரையே ஒட்டி ‘மிளகாய்’ என்று பெயரிட்டோம். அந்தத் தவறுகளிலிருந்து நல்ல சொற்கள் கிடைத்தன. என் தவறிலிருந்து கிடைத்தது கெட்டுப்போன கேக்.

அந்தக் கடிதத்துக்குப் பரிகாரமாகத்தான் எலிசபெத் டேவிட்டைப் படிக்கத் தொடங்கினேன்.

1913-ல் பிறந்து 1992-ல் மறைந்த இந்த ஆங்கிலப் பெண்மணி, போருக்குப் பிந்திய பிரிட்டனின் சமையலறையை மாற்றியவர் என்று கொண்டாடப்படுகிறார். மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவு பற்றிய அவரது முதல் புத்தகம் 1950-ல் வெளிவந்தபோது அங்கே ரேஷன் முடிந்திருக்கவில்லை. அது முழுதாக ஒழிய 1954 ஆயிற்று. ஆலிவ் எண்ணெயை மருந்துக் கடையில், காதுக்கு விடும் சிறு புட்டிகளில் வாங்கிக்கொண்டிருந்த காலம். அப்படிப்பட்ட வாசகர்களுக்குப் பூண்டையும் எலுமிச்சையையும் பற்றி எழுதினார்.

நமக்கு நெருக்கமானது அவருடைய இன்னொரு புத்தகம். ஆங்கிலச் சமையலில் மசாலாப் பொருள்கள், உப்பு, வாசனைத் தழைகள் ஆகியவை பற்றி 1970-ல் பென்குவின் வெளியிட்டது. அதற்கு ஒரு பின்னணி உண்டு. 1963-ல் மூளையில் ஏற்பட்ட ரத்தக் கசிவால் அவரது சுவையுணர்வு சில காலம் பாதிக்கப்பட்டது. நாக்கையே நம்பிப் பிழைப்பவருக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. 1965-ல் லண்டனில் சமையல் பாத்திரக் கடை திறந்தார். 1967-ல் உலர்ந்த தழைகள் பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். பிறகு இந்தப் புத்தகம். ருசியைச் சந்தேகிக்க நேர்ந்த ஒருவர் தலைப்பிலேயே உப்பை வைத்து எழுதியிருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், வரிகளில் உள்ள நிதானம் புரியும்.

மொழிபெயர்ப்பாளனுக்கு இது கடினமான புத்தகம். ‘ஹெர்ப்’ என்பதற்கு ‘மூலிகை’ என்று போட்டால் மருந்து வாசனை அடிக்கிறது. நம் அடுக்களையில் கறிவேப்பிலை கறிவேப்பிலைதான், புதினா புதினாதான். இரண்டையும் ஒரு குடையின் கீழ் நிறுத்தும் சொல் நமக்குத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் தழை ஒரு வகை. விதை, பட்டை, வேர் வேறு வகை. கொத்தமல்லி இந்தக் கட்டத்துக்குள் அடங்காது. இலையாக இருந்தால் ஹெர்ப், விதையாக இருந்தால் ஸ்பைஸ். சூடான பானங்களுக்கு வந்தால் சிக்கல் நம் பக்கம். காப்பித் தூளே சேராத சுக்குக் காப்பியை எந்த மொழியில் எப்படி விளக்குவது?

டேவிட் ஒவ்வொரு பொருளையும் அது வந்த துறைமுகம் வரை தொடர்ந்து போகிறார். யார் சொல்லித் தெரிந்துகொண்டாரோ அவர் பெயரைச் சொல்கிறார். அப்படி அவர் மரியாதையோடு குறிப்பிடுபவர்களில் ஒருவர் நம் சென்னைக்காரர். கர்னல் கென்னி ஹெர்பர்ட். மதராஸ் படையில் பணியாற்றியவர். ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ 1878-ல் வெளிவந்தது. 1946-ல் டேவிட்டே சில மாதங்கள் தில்லியில் வாழ்ந்திருக்கிறார். கணவர் ராணுவ அதிகாரி. ஆனாலும் இந்திய மசாலா பற்றி எழுத உட்கார்ந்தபோது, தன் அனுபவத்தோடு நிறுத்தாமல் பழைய கர்னலையும் தேடிப் போயிருக்கிறார்.

வைவர்னின் புத்தகத்தில் ‘முல்லிகடானி’ வருகிறது. இது மிளகு, தண்ணீர் என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் சேர்ந்தது என்று அவரே விளக்குகிறார். புளி, பூண்டு, கடுகு, வெந்தயம் என்று எளியவர்கள் வீட்டுப் பக்குவத்தையும் எழுதுகிறார். சளி பிடித்தவருக்கு நம் வீடுகளில் டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறோமே, அதேதான். வெள்ளைக்கார மேஜைக்குப் போனபோது அதில் இறைச்சிச் சாறும் மாவும் சேர்ந்து கெட்டியான சூப் ஆயிற்று. தண்ணீர் போய்விட்டது, பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

கர்னலுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? புத்தகம் நெடுக ஒரு சமையல்காரர் வருகிறார். பெயர் ராமசாமி. ஆனால் அது ஓர் ஆளின் பெயர் அல்ல. மதராஸில் துரைமார் வீட்டில் சமைத்த எல்லோருக்கும் சேர்த்து அவர் வைத்த பெயர். டேவிட் வைவர்னின் பெயரைச் சொல்லிவிட்டார். வைவர்ன் சொல்லியிருக்க வேண்டிய பெயர்கள் எழுத்தில் ஏறவேயில்லை. அம்மியில் மிளகு தட்டிய ஆள், ‘எல்லா மசாலாவும்’ என்று நான் எழுதினேனே, அதைப்போல ஒரு பொதுப் பெயராகிவிட்டார்.

முசிறிக்குப் பொன்னோடு வந்த யவனர் கலங்கள் மிளகோடு திரும்பியதை அகநானூறு பதிவு செய்திருக்கிறது. மிளகு போன கணக்கு நம்மிடம் இருக்கிறது. பக்குவம் போன கணக்கு இல்லை.

ஜாம்ஷெட்பூர் அம்மாளுக்குப் பதில் எழுதினேன். தவறு என்னுடையது, செய்து பார்க்கவில்லை, அந்த இடத்தில் ஒரு சிட்டிகைப் பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் மட்டும் பொடித்துப் போடுங்கள் என்றேன். அடியில் என் பெயரைத் தெளிவாக எழுதினேன். அவர் ‘மொழிபெயர்த்தவர்’ என்று விலாசமிட்டதற்குக் காரணம், புத்தகத்தில் என் பெயர் எங்கும் அச்சாகவில்லை என்பதுதான். கடிதம் வரும்வரை அது எனக்குப் பெரிய குறையாக இருந்தது. வந்த அன்று மட்டும் கொஞ்சம் சௌகரியமாக இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.