ஷட்டருக்கு அடியில் ஒரு சந்து

கார் நிறுத்த ஷட்டர் போடுகிறவர்கள் பெயின்ட் நிறத்துக்கு மெனக்கெடும் அளவுக்கு அடியில் போடும் ரப்பர் பட்டைக்கு மெனக்கெடுவதில்லை. கடைக்காரர் நீட்டும் ஸ்பாஞ்ச் பட்டையை வாங்கி ஒட்டிவிடுகிறோம். அது தண்ணீரைத் தடுக்காது, குடிக்கும். புதுக்கோட்டையின் சித்திரை வெயிலுக்குப் பசை விட்டு நாக்காகத் தொங்கும். மலிவான பிவிசி விறைத்து வெடிக்கும். வெயில் தாங்குவது ஈபிடிஎம் ரப்பர்தான். கார் கதவைச் சுற்றி இருக்கிறதே, அதே சரக்கு. அதையும் ஒட்டாதீர்கள். அலுமினியப் பட்டிக்குள் செருகி ஸ்க்ரூ போட்டால், தேய்ந்ததும் உருவி மாற்றலாம். பக்கவாட்டுச் சந்துக்கு பிரஷ் பட்டை போதும்.

தரை மேடுபள்ளமாக இருந்தால் எந்தப் பட்டையும் படியாது. முதலில் கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் சரிவை வெளியே திருப்புங்கள். அரிமளம், ராயவரம் பக்கத்து நகரத்தார் வீடுகள் தளத்தை உயர்த்தியே மழையைச் சமாளித்தன. நாமோ கார் ஏற வேண்டுமென்று தெருமட்டத்துக்கு இறங்கிவிட்டோம்.

ஐப்பசிச் சாரல் இதற்கெல்லாம் கட்டுப்படும். 2018 நவம்பர் 16-ல் ஆலங்குடி, கீரமங்கலம் தென்னைகளைச் சாய்த்த கஜா புயல் மாதிரிக் காற்றுக்கு ரப்பர் என்ன செய்யும்? அங்கே பார்க்க வேண்டியது பக்கச் சட்டத்தின் ஆழமும் பூட்டும். ரப்பரின் வேலை தண்ணீர், புழுதி, அப்புறம் தேள்.