வெற்றிக் கிண்ணமும் தோட்டத்துப் பிள்ளையும்

1996ஆம் ஆண்டு மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. இரத்தினபுரிப் பகுதித் தோட்டமொன்றின் லயத்து வாசலில், ஒரேயொரு தொலைக்காட்சிப் பெட்டியைச் சூழ்ந்து நின்றோருள் நானும் ஒருவன். லாகூரில் அவுஸ்திரேலியா எடுத்த 241 ஓட்டங்களைக் கடந்து, ஏழு விக்கெட்டுகளால் உலகக் கிண்ணத்தை வென்றது இலங்கை. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் குவித்தார். பத்து ஓவர்களில் 31 ஓட்டங்களையே விட்டுக்கொடுத்த முத்தையா முரளிதரனோ, தேயிலைத் தோட்டத்தில் உழைக்க வந்த தமிழரொருவரின் பேரன்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த சமூகம் அன்றிரவு, “நம் நாடு வென்றது!” என ஆர்ப்பரித்தது. அச்சமூகத்தில் நாடற்றோராய் எஞ்சியோருக்குச் சட்டம் குடியுரிமை வழங்கியது 2003இலேதான். நாட்டை நேசிக்க அவர்கள் சட்டத்தின் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை.

ஆயினும், உண்மையொன்றை மறைத்தல் தகாது. முரளி வளர்ந்தது கண்டியில். பயின்றது கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில். வேகப்பந்து வீசிய சிறுவனைச் சுழற்பந்தின்பால் திருப்பிய பயிற்சியாளர் அங்கே இருந்தார். ஆடுதற்கு மைதானமும் இருந்தது. நம் சப்ரகமுவத் தோட்டங்களில் நான் காணும் பிள்ளையோ, பலகைத் துண்டை மட்டையாக்கி லயத்து முற்றத்தில் ஆடுகின்றான். பந்து சரிவில் உருண்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

ஆசிரியப் பெருமக்களே, வென்றவனைப் போற்றுதல் எளிது. தோட்டப் பாடசாலைதோறும் சமதரை ஒன்றைக் கேட்டுப் பெறுதலே கடினம். திறமை எங்கும் பிறக்கும். அது வளர நிலம் வேண்டும். மலையையே திருத்தித் தேயிலை நட்ட கைகளின் பேரப்பிள்ளைகளுக்கு அந்நிலம் மறுக்கப்படலாமா?